எட்டு விநாடி மூச்சு: இத்தாலிய புரோக் குழுக்கள் தங்கள் பழைய பாட்டை மறுபடி பதியும்போது

ரீ-ரெக்கார்டிங் என்றால் தமிழில் படத்துக்குப் பின்னணி இசை சேர்ப்பது என்றாகிவிட்டது. இங்கே பேசப்போவது அந்தச் சொல்லின் நேரான பொருளில்: நாற்பது வருடத்துக்கு முன் தான் பதிந்த பாட்டை ஒரு குழு மறுபடி ஸ்டூடியோவுக்குள் போய் முதலிலிருந்து வாசித்துப் பதிவது. ரீமாஸ்டர், ரீமிக்ஸ் எல்லாம் வேறு சங்கதி. இதில் பழைய நாடாவிலிருந்து ஒரு நொடி ஒலிகூட எடுக்கப்படாது.

எல்லா நாட்டிலும் நடக்கிற காரியம்தான். ஆனால் இத்தாலிய புரோக்ரெசிவ் ராக்கில் (சுருக்கமாக புரோக்; நெடும்பாட்டும் மாறும் தாளமுமாகப் போகும் ராக் வகை) இது ஏறக்குறைய தனியொரு வகையாகவே வளர்ந்துவிட்டது. 1971-க்கும் 1974-க்கும் நடுவே ரோம், மிலான், ஜெனோவா, நேப்பிள்ஸ் என்று ஊருக்கு ஊர் குழுக்கள் முளைத்தன. பலவும் ஒன்றோ இரண்டோ இசைத்தட்டு போட்டுவிட்டுக் கலைந்தன. பின்னால் ஜப்பானிலும் இத்தாலியிலும் அந்தத் தட்டுகள் மறுவெளியீடு கண்டு, சொந்த ஊரில் விலை போகாத பாட்டுக்கு உலகம் முழுக்க ஆள் சேர்ந்தது. அதற்குள் வாசித்தவர்களுக்கு ஐம்பது அறுபது வயது. கூப்பிடுகிற மேடை இருக்கிறது, கேட்கிற கூட்டமும் இருக்கிறது. கையில் இருப்பதோ ஒரே ஒரு தட்டின் பாட்டு. அதை மறுபடி பதிய வேண்டும் என்ற எண்ணம் வருவது இயல்பு.

இப்படிப் பதிந்ததில் சில நிற்கின்றன, பல நிற்கவில்லை. நிற்காததற்கு வாசிப்புத் திறமை குறைந்ததைக் காரணம் சொல்வது சோம்பேறித்தனம். பெரும்பாலும் ஐம்பது வயதில் இவர்கள் இருபது வயதைவிட நன்றாகவே வாசிக்கிறார்கள். பழைய கருவிகள் அன்றைக்குக் கையைக் கட்டிப்போட்ட இடங்கள்தான் அந்த இசையின் பாதி உருவத்தைச் செய்தன. புதிய கருவியில் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும்போது பாட்டும் அவிழ்ந்துவிடுகிறது.

முசேயோ ரோசென்பாக் குழுவை எடுத்துக்கொள்வோம். இத்தாலியின் மேற்குக் கடலோரத்தில் லிகூரியாக்காரர்கள். 1973-இல் ரிகோர்டி நிறுவனம் வெளியிட்ட ‘ஸரதுஸ்த்ரா’ அப்போது அவர்கள் போட்ட ஒரே தட்டு. முதல் பக்கம் முழுக்க இருபது நிமிடத்தைத் தாண்டும் ஒரே நெடும்பாட்டு. அட்டையில் ஒட்டுப்படமாகச் செய்த முகத்துக்குள் முசோலினியின் சிலைத் துண்டு ஒன்றும் இருந்தது. அந்தக் காலத்து இத்தாலிய அரசியல் சூட்டில் அது போதும். அரசு வானொலி ஒதுக்கியது, குழு கலைந்தது. டிரம்ஸ் வாசித்த ஜியான்கார்லோ கோல்ட்ஸி 1975-இல் மாத்தியா பஸார் என்ற பாப் குழுவுக்குப் போய், சான்ரெமோ பாட்டு விழாவில் பரிசு வாங்கும் அளவுக்குப் புகழ் பெற்றார். 2000-இல் முசேயோ பெயரில் ‘எக்ஸிட்’ என்ற தட்டு வந்தது. பழைய ரசிகர்கள் அதைத் தேடிப் போகவில்லை. 2012-இல்தான் பாடகர் ஸ்தேஃபனோ ‘லூப்போ’ கலீஃபி, கோல்ட்ஸி, இசையமைத்த அல்பெர்த்தோ மொரேனோ மூவரும் இளையவர்களைச் சேர்த்துக்கொண்டு ‘ஸரதுஸ்த்ரா’ முழுவதையும் ஸ்டூடியோவில் நேரடியாக வாசித்துப் பதிந்தார்கள்.

அந்த ‘நேரடியாக’ என்ற முடிவுதான் அவர்கள் செய்த நல்ல காரியம். எல்லாரும் ஒரே நேரத்தில் வாசித்ததால் டிரம்ஸும் ஆர்கனும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஓடுவது காதில் விழுகிறது. 1973-இல் பேஸ் வாசித்த மொரேனோ இதில் கீபோர்டுக்கு வந்துவிட்டார். இரண்டு கிடார் சேர்ந்ததில் ஒலியின் நடுப்பகுதி தடித்துப்போய், மெல்லோட்ரான் (பதிந்த நாடாவை ஓட்டி ஒலி எழுப்பும் கீபோர்டு) முன்பு மலைபோல் நின்ற இடத்தில் இப்போது மதில்போல் நிற்கிறது. கலீஃபியின் குரலில் கரகரப்பு ஏறியிருக்கிறது. அதைக் குறை என்று சொல்ல மாட்டோம், அந்தப் பாட்டுக்கு அது பொருந்தத்தான் செய்கிறது.

இனி மறுபதிவு செய்கிற வேலைக்கு வருவோம்.

முதல் வேலை சுருதி பார்ப்பது. பழைய தட்டை ஓடவிட்டு ட்யூனர் வைத்தால் இன்றைய நிலையான 440 ஹெர்ட்ஸில் நிற்காது. அன்றைய நாடா இயந்திரம் விநாடிக்கு 38 செ.மீ. ஓடும், வேகம் ஒரு சதவீதம் பிசகினாலே சுருதி 17 சென்ட் (சென்ட் என்பது அரைக் கட்டையில் நூற்றில் ஒரு பங்கு) நகர்ந்துவிடும், ஆறு சதவீதம் என்றால் அரைக் கட்டை. பதிவில், மிக்ஸிங்கில், தட்டு வெட்டும்போது என்று மூன்று இடத்திலும் பிசகு சேரும். குழுவில் யாரை வைத்து மற்றவர் சுருதி சேர்த்தார்கள் என்பது அடுத்த கேள்வி. ஹாமண்ட் ஆர்கன் இருந்தால் அதுதான் எஜமான், ஏனென்றால் அதைத் திருக முடியாது. உள்ளே பற்சக்கரங்களை ஓட்டும் மோட்டார் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸோடு பூட்டப்பட்டது. ஊர்த் திடலில் ஜெனரேட்டர் தள்ளாடினால் ஆர்கனும் தள்ளாடும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த ஆர்கனை மாற்றுக்கருவி இல்லாமல் இத்தாலியச் சுவரில் செருகினால் சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை கீழே விழும். ஆகவே பழைய பதிவு 440-க்கு எத்தனை சென்ட் மேலே கீழே என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாகக் குறித்து வைக்க வேண்டும். நெடும்பாட்டுகள் துண்டு துண்டாகப் பதிந்து ஒட்டப்பட்டவை. ஒட்டுப் போட்ட இடத்துக்கு முன்னும் பின்னும் சுருதி வேறாக இருப்பது சாதாரணம்.

அடுத்தது வேகம். இங்கேதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 1972-இல் இந்தக் குழுக்கள் காதில் தாளம் காட்டும் கிளிக் வைத்துக்கொண்டு வாசிக்கவில்லை. ஒரு பகுதி நிமிடத்துக்கு 108 அடியில் எடுத்து 116-இல் முடியும். அடுத்த மெதுவான பகுதிக்குள் நுழையும்போது இரண்டு தாள வட்டம் அப்படியே தளர்ந்து கிடக்கும். இப்போது கணினியில் பாட்டை ஏற்றி 112 என்று ஒரே எண்ணைத் தட்டிவிட்டால் தொடக்கம் அவசரமாகவும் முடிவு சோம்பலாகவும் கேட்கும். கேட்பவருக்குக் காரணம் பிடிபடாது, ‘உயிர் இல்லை’ என்று மட்டும் சொல்வார்.

வழி இதுதான். பழைய பாட்டைக் கணினியில் போட்டு, ஒவ்வொரு தாள வட்டத்தின் முதல் அடியையும் கையால் குறிக்க வேண்டும். இருபது நிமிடப் பாட்டுக்கு இது ஒரு முழு நாள் வேலை. தாளக் கணக்கு 7/8, 5/4, 9/8 என்று மாறுமிடத்தில் பெயர் எழுத வேண்டும். 7/8 என்றால் 2+2+3-ஆ, 3+2+2-ஆ என்பதையும் சேர்த்து. எடுப்பு தவறினால் அத்தனை பேரும் தவறுவார்கள். இப்படிக் கிடைக்கும் வேக வரைபடத்தில் சின்னச் சின்ன நடுக்கத்தை நான்கு வட்டத்துக்கு ஒருமுறை சராசரி எடுத்துத் தளர்த்தலாம். பெரிய ஏற்ற இறக்கத்தைத் தொடக்கூடாது. அதன் மேல் கிளிக் வைத்து, அதையும் டிரம்ஸ்காரர் காதுக்கு மட்டும், தொடக்கத்திலும் பகுதி மாறும் இடங்களிலும் மட்டும் கொடுத்துவிட்டு நடுவில் அணைத்துவிடுவது நல்லது. அடித்துப் பழகிய கை நடுவில் தன் வழியைத் தானே கண்டுபிடிக்கும்.

மெல்லோட்ரான்தான் தலைப்பில் சொன்ன எட்டு விநாடி. எம்400 மாடலில் 35 கட்டைகள் (இங்கே கட்டை என்பது சுருதி அளவு அல்ல, விரலால் அழுத்தும் கீ). ஒவ்வொன்றின் அடியிலும் முக்கால் விரற்கடை அகலம்கூட இல்லாத ஒரு நாடாத் துண்டு. கட்டையை அழுத்தினால் நாடா உருளையில் ஒட்டி ஓட ஆரம்பிக்கும், வயலின் கூட்டமோ குழுக்குரலோ வரும். ஏறக்குறைய எட்டு விநாடியில் நாடா தீர்ந்துவிடும், ஒலி நின்றுவிடும். விரலை எடுத்தால் வில்கம்பி நாடாவைத் தொடக்கத்துக்கு இழுத்துவிடும். அதற்கும் ஒரு கணம் வேண்டும். ஆக, பன்னிரண்டு விநாடி நீள வேண்டிய சுரக்கூட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டிருக்க முடியாது. ஆறாவது விநாடியில் ஒரு விரலை எடுத்துப் பக்கத்துச் சுரத்துக்குப் போக வேண்டும், அப்புறம் இன்னொரு விரல். சிலந்தி நகர்வதுபோல் கை நகர்ந்துகொண்டே இருக்கும். அந்தக் காலத்து மெல்லோட்ரான் பகுதிகளில் உள்குரல்கள் ஓயாமல் அசைவதற்குப் பாதிக் காரணம் கலை, பாதிக் காரணம் நாடா தீர்ந்துபோவது.

இப்போது கிடைக்கும் மென்பொருள் சாம்பிள்களில் (அசல் கருவியிலிருந்து பதிந்து வைத்த ஒலித் துண்டுகள்) ஒலி சுற்றிச் சுற்றி வரும்படி வளையம் போட்டிருப்பார்கள். எவ்வளவு நேரம் அழுத்தினாலும் நிற்காது. வாசிப்பவர் கை தானாகவே சோம்பேறியாகி, கூட்டத்தை அப்படியே பிடித்துவிடுகிறது. பாட்டு மூச்சு விட மறந்துவிடுகிறது. மறுபதிவு செய்பவர் முதலில் அணைக்க வேண்டியது அந்த வளையத்தைத்தான். இன்னொன்று, ஆறேழு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் பழைய மோட்டார் திணறிச் சுருதி லேசாகக் கீழே சாயும். பல சாம்பிள் தொகுப்புகளில் ஒவ்வொரு சுரத்தையும் சீர்படுத்தி வைத்திருப்பார்கள். சீர்படுத்தாத தொகுப்பைத் தேடி எடுக்க வேண்டும். அசல் இயந்திரம் வாடகைக்குக் கிடைத்தால் சந்தோஷம், ஆனால் வந்ததும் வாசிக்க உட்காரக்கூடாது. நாடாவை அழுத்தும் பஞ்சுத் திண்டும் உருளையும் 35 கட்டைக்கும் ஒரே அளவு அழுத்துகிறதா என்று பார்க்க அரை நாள் ஒதுக்க வேண்டும். ஒன்றிரண்டு கட்டைகள் முனகிக்கொண்டுதான் இருக்கும்.

ஹாமண்ட் சி3 போன்ற முழு ஆர்கன் பெடல், பெஞ்சோடு ஏறக்குறைய 190 கிலோ. முதுகு போன அறுபது வயதுக்காரர்கள் மின்னணு மாற்றை எடுத்து வருவதில் தப்பில்லை, இன்றைய மாற்றுகள் நன்றாகவே இருக்கின்றன. கெடுப்பது லெஸ்லி ஒலிபெருக்கி. அதனுள் மேலே ஒரு கொம்பு, கீழே ஒரு மர உருளை, இரண்டும் சுழலும். மெது வேகம் நிமிடத்துக்கு 40 சுற்றுக்குப் பக்கம், விரைவு 400-க்குப் பக்கம். சுவிட்சைத் தட்டியதும் இலேசான கொம்பு ஒரு விநாடியில் வேகம் பிடித்துவிடும். கனத்த உருளைக்கு நான்கைந்து விநாடி ஆகும். அந்த இடைவெளியில் மேலொலி பறக்க, கீழொலி முனகிக்கொண்டே எழும். நெடும்பாட்டில் ஒரு பகுதி உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் இந்த ஐந்து விநாடிக்குள்தான் இருக்கிறது. மலிவான மென்பொருளில் இரண்டும் ஒன்றாகவே ஏறிவிடும். ஆர்கனை விட்டுக்கொடுத்தாலும் பரவாயில்லை, அசல் லெஸ்லி ஒன்றைக் கொண்டுவந்து மேலே இரண்டு மைக், கீழே ஒன்று, முப்பது நாற்பது செ.மீ. தள்ளி வைத்துப் பதிய வேண்டும். மைக்கை ஒட்டி வைத்தால் காற்றடிக்கும்.

மினிமூக் என்ற சின்தசைசர் பற்றி ஒரு நுணுக்கம், இதைப் பலரும் கவனிப்பதில்லை. அது ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் தரும். இரண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினால் எது ஒலிக்கும்? அசல் மினிமூக்கில் கீழ்ச்சுரம் ஜெயிக்கும். இன்றைய பல கருவிகளில் கடைசியாக அழுத்தியது ஜெயிக்கும். வித்தியாசம் எங்கே தெரியும் என்றால் ஆரோகணத்தில். விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறி மேலே போகும்போது, முந்தைய கீழ்ச்சுரத்தின் விரல் எழும்வரை மேல்சுரம் காத்திருக்கும். ஒரு கண்ணிமைப்பு தாமதம். அவரோகணத்தில் அந்தத் தாமதம் இல்லை, புதிய கீழ்ச்சுரம் உடனே பிடித்துக்கொள்ளும். ஆக, மேலே போகும்போது சற்றே இழுவை, கீழே வரும்போது வழுக்கல். அதே கலைஞர் அதே விரலமைப்பில் புதுக் கருவியில் வாசித்தால் ஆரோகணம் எந்திரம்போல் நேராகிவிடும், அவருக்கே ஏன் என்று தெரியாது. அமைப்புகளில் போய்க் கீழ்ச்சுர முன்னுரிமை என்பதை மாற்றினால் போதும், பழைய கை திரும்பி வந்துவிடும்.

இந்தக் கருவி எவ்வளவு மையம் என்பதற்குப் பிரேமியாத்தா ஃபோர்னேரியா மார்க்கோனியின், அதாவது பி.எஃப்.எம். குழுவின், ‘இம்ப்ரெஸ்ஸியோனி தி செத்தெம்ப்ரே’ ஒன்றே போதும். 1971-இல் சிறுதட்டாக வந்தது. சரணம் முடிந்து பல்லவி வர வேண்டிய இடத்தில் வாயைத் திறந்து யாரும் பாட மாட்டார்கள், மூக்தான் பாடும். வரிகளே இல்லாத பல்லவி. அந்த ஒலி ஒரு இழை மாறினால் பாட்டின் முகமே மாறிவிடும். இதை மறுபடி பதிபவர் கருவியைச் சூடேற்ற அரை மணி நேரம் கொடுத்து, அதனுள் ஒலியை உண்டாக்கும் மூன்று ஆசிலேட்டரையும் ஒன்றுக்கொன்று முழுதாகச் சேர்க்காமல் ஓரிரு சென்ட் தள்ளியே வைக்க வேண்டும்.

எதிரொலிக்கு மிலானிலேயே செய்த பின்சன் எகோரெக் பெட்டி இருந்தது. நாடாவுக்குப் பதில் சுழலும் காந்த உருளை, அதைச் சுற்றி நான்கு ஒலிப்புத் தலைகள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 75 மில்லிவிநாடி இடைவெளி, கடைசித் தலை 300-க்குப் பக்கம். வேகத்தைத் திருக வழி கிடையாது. அதனால் அன்றைக்குக் குழு தன் வேகத்தை எதிரொலிக்கு ஒத்துப் பழகிக்கொண்டது. இன்றைக்கு டிலேயை, அதாவது எதிரொலி அமைப்பை, கணினியின் தாளத்தோடு பூட்டிவிடுகிறார்கள், எதிரொலி தாளத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. பூட்டை எடுத்துவிட்டு 75, 150, 225, 300 என்று கையால் போட்டால் கிடார் உடனே 1972-க்குப் போய்விடும்.

டிரம்ஸுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு மைக் வேண்டாம். கிக்குக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒன்று, மேலே இரண்டு. மேலே உள்ள இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரம், கயிறு வைத்து அளந்து. தோல்மேல் துணித் துண்டு. அவ்வளவுதான்.

குரல் கடினம். இருபத்திரண்டு வயதில் உச்சத்தில் கத்திய வரியை அறுபதில் பாட ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கத்தான் வேண்டியிருக்கும். கீபோர்டில் ஒரு பொத்தான் வேலை. மற்றவர்களுக்கு? கிடாரின் திறந்த தந்திகளை நம்பிய அர்பெஜியோ (சுரக்கூட்டத்தை ஒவ்வொரு சுரமாக மீட்டுவது) உடைந்துபோகும். தந்தியைத் தளர்த்திக் கட்டினால் கொஞ்சம் பிழைக்கும். சாதாரண புல்லாங்குழலின் அடிச்சுரம் நடு ‘ஸி’, அதற்குக் கீழே குழல் இல்லை. ‘ஸி’ வரை இறங்கும் பகுதி இருந்தால் ஒரு கட்டை இறக்கிய பிறகு அதை வாசிக்கவே முடியாது, எட்டுச் சுரம் மேலே தூக்க வேண்டும், தூக்கினால் கிசுகிசுப்பு போய்க் கீச்சென்று ஆகிவிடும். வயலினுக்கும் அடித்தந்தி ‘ஜி’யோடு கதை முடிந்தது. பி.எஃப்.எம்., ஒசான்னா மாதிரிக் குழலை நம்பிய குழுக்களுக்கு இது பெரிய தலைவலி.

பாட்டு முழுவதையும் இறக்காமல், பாடும் பகுதியை மட்டும் இறக்கி, இடையிசையில் நாலைந்து வட்டத்துக்குள் பழைய சுருதிக்கு ஏறிப்போவதுதான் நல்ல வழி. நெடும்பாட்டில் இடையிசைக்குப் பஞ்சமில்லை, ஒட்டு தெரியாமல் செய்துவிடலாம். செய்யக் கூடாதது, மூல சுருதியிலேயே பாடவிட்டுக் கணினியால் குரலைத் திருத்துவது. இத்தாலிய மொழியில் உயிரெழுத்துகள் நீண்டு திறந்து ஒலிக்கும், திருத்திய குரலின் உலோகச் சத்தம் அங்கே பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாலும் ஒரு கேள்வி மிஞ்சும்: மூலம் கையில் இருக்கும்போது இதை ஏன் கேட்க வேண்டும்? பதில் சொல்ல முடிந்த மறுபதிவுகள்தான் பிழைத்திருக்கின்றன.

ரோம் நகரத்து பாங்கோ தெல் முத்துவோ சோக்கோர்சோ 1991-இல் தன் முதல் இரண்டு தட்டையும், இரண்டுமே 1972-இல் வந்தவை, முழுதாக மறுபடி பதிந்து ‘தா குயி மெஸ்ஸேரே சி தோமினா லா வல்லே’ என்று வெளியிட்டது. பாடியவர் அதே ஃப்ரான்செஸ்கோ தி ஜியாகோமோ, குரல் இன்னும் கம்பீரமாகவே இருந்தது. ஆனால் கீபோர்டும் டிரம்ஸும் 1991-க்குரிய பளபளப்பு. விளைவு என்னவென்றால், 1972-இன் ஒலி இன்றும் பழசாகவில்லை, 1991-இன் ஒலி பழசாகிவிட்டது. ‘இன்னும் நல்ல ஒலியில்’ என்று மூலத்தோடு மல்லுக்கு நின்றால் இதுதான் கதி. அந்தக் குரல் 2014-இல் சாலை விபத்தில் போய்விட்டது என்பதால் இன்று அந்தத் தட்டுக்கு வேறொரு மதிப்பு வந்திருக்கிறது. அது இசையால் வந்த மதிப்பு ஆகாது.

லே ஓர்மே குழு 1973-இல் போட்ட ‘ஃபெலோனா எ சொரோனா’ தட்டை டிரம்ஸ்காரர் மிக்கி தேய் ரோஸ்ஸி வேறு ஆட்களோடு 2016-இல் இத்தாலியத்திலும் ஆங்கிலத்திலும் மறுபடி பதிந்தார். நேர்த்தியான வேலை. ஆனால் அந்தப் பாட்டின் முகம் ஆல்தோ தாலியாபியெத்ராவின் மெல்லிய குரல், அவர் 2009-லேயே குழுவை விட்டுப் போய்விட்டார். குரல் இல்லாத இடத்தில் நேர்த்தி என்ன செய்யும்?

மற்றொரு பக்கம் நேப்பிள்ஸின் ஒசான்னா. 2001-இல் ‘டாக்கா பூம்’ தட்டில் பழைய பாடல்களைத் திரும்பப் பதிந்தபோது அவ்வளவாக ஒட்டவில்லை. சில வருடம் கழித்து ‘புரோக் ஃபேமிலி’ தட்டுக்கு இங்கிலாந்தின் வான் டெர் கிராஃப் ஜெனரேட்டர் குழுவின் டேவிட் ஜாக்சனை அழைத்து வந்தார்கள். அவருடைய சாக்ஸபோன் பழைய குழல் பகுதிகளின் மேல் ஏறி வேறொரு முரட்டுத்தனம் கொடுத்தது. பாட்டு அதேதான், பேசுகிறவர் மாறியதால் கேட்கத் தோன்றுகிறது.

லெக்கோ நகரத்து பில்லியெத்தோ பெர் லின்ஃபெர்னோ இன்னும் துணிந்தது. 1974-இல் வந்த கடினமான, இருண்ட ராக். கம்பெனி திவாலானதால் இரண்டாவது தட்டு 1992 வரை வெளிவரவே இல்லை. 2009-இல் பழைய ஆட்களில் சிலர் பெயருக்குப் பின்னால் ‘ஃபோக்’ என்று சேர்த்துக்கொண்டு, அக்கார்டியனும் குழலும் பெண் குரலுமாக அதே பாடல்களை நாட்டுப்புற இசைபோல் பதிந்தார்கள். மூலத்தைப் பாடிய கிளாவ்தியோ கனாலி துறவியாகிவிட்டவர். அவரைப்போல் பாட யாரையும் தேடாமல் எதிர்த் திசையில் போனது புத்திசாலித்தனம். மூலத்தோடு ஒப்பிடவே வழியில்லாமல் செய்துவிட்டார்கள்.

விடுபட்டதை நிரப்பியவர்கள் மூன்றாவது வகை, நமக்கு அதிகம் பிடித்த வகை. ஜெனோவாவின் லாத்தே எ மியேலே 1972-இல் இயேசுவின் பாடுகளைப் பற்றிப் பதிந்த ‘பாஸ்ஸியோ’வை ஒரே தட்டுக்குள் அடக்க வேண்டியிருந்தது. 2014-இல் புதிய பகுதிகள் சேர்த்து முழு வடிவம் செய்தபோது, ஒசான்னாவின் லீனோ வைரெத்தி, ஜம்போவின் அல்வாரோ ஃபெல்லா என்று அந்தத் தலைமுறையின் வேறு குழுப் பாடகர்களையே குரல் கொடுக்க வைத்தார்கள். ஆல்ஃபாதௌருஸ் குழுவின் இரண்டாவது தட்டு எழுபதுகளில் அரைகுறையாக நின்றுபோனது. அந்தப் பாடல்களை 2012-இல் ‘அத்தோசெகோந்தோ’வில் முடித்தார்கள். ஆஸ்தி நகரத்து லோகாந்தா தெல்லே ஃபாத்தே 1977-இல் போட்ட தட்டின் தலைப்பு ‘மின்மினிகள் இனிமேல் காதலிப்பதில்லை போலும்’ என்று பொருள்படும். அதில் இடம் கிடைக்காமல் போன பாடல்களை 2012-இல் பதிந்து, தட்டுக்குக் ‘காணாமல் போன மின்மினிகள்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். ஒப்பிட முழுமையான மூலம் இல்லாத மறுபதிவுகள் இவை. கேட்பவர் நிம்மதியாகக் கேட்கலாம்.

கடைசியில் காசும் கணக்கும். வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே மூன்று காகிதத்தைப் பார்த்துவிட வேண்டும்.

குழுவின் பெயர் யாருக்குச் சொந்தம்? நியூ ட்ரோல்ஸ் குழு பிளந்தபோது ‘லா லெஜென்தா நியூ ட்ரோல்ஸ்’, ‘இல் மித்தோ நியூ ட்ரோல்ஸ்’ என்று ஆளாளுக்கு ஒரு முன்னொட்டோடு அலைய வேண்டியிருந்தது. பதிந்து முடித்த பிறகு அட்டையில் என்ன பெயர் போடுவது என்று வக்கீலைத் தேடுவது வீண் செலவு.

பாட்டு யார் பெயரில் பதிவாகியிருக்கிறது? இத்தாலியில் பாட்டுரிமையைப் பெரும்பாலும் கவனிப்பது சியாயே என்ற சங்கம், 1882 முதல். அந்தக் காலத்தில் அதில் தேர்வு எழுதித் தேறாதவர் பெயரில் பாட்டைப் பதிவு செய்ய முடியாமல், உறுப்பினரான வேறொருவர் கையெழுத்துப் போடுவது வழக்கமாக இருந்தது. நாம் எழுதிய பாட்டு நம்முடையதுதானே என்று இறங்கினால், ராயல்டி ஸ்டூடியோ பக்கமே வராத யாரோ ஒருவருடைய வாரிசுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பழைய நாடா யாருடையது? ரிகோர்டி, நூமேரோ ஊனோ போன்ற அன்றைய கம்பெனிகளின் பட்டியல் கைமாறிக் கைமாறி இன்று பன்னாட்டு நிறுவனத்திடம் இருக்கிறது. மறுபதிவு செய்வதற்கு இதுவே பல குழுக்களுக்குச் சொல்லப்படாத முதல் காரணம்: புதிய நாடா தங்களுடையது, படத்துக்கோ விளம்பரத்துக்கோ யாராவது கேட்டால் நேரே தங்களிடம் வர வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2011-இல் ஒலிப்பதிவு உரிமையை 50 வருடத்திலிருந்து 70 ஆக்கியது. அதாவது 1973-இல் வெளியான தட்டு 2043 முடியும்வரை கம்பெனி கையில். ஆனால் அதே உத்தரவில் வாசித்தவர்களுக்கு ஒரு வழியும் வைத்திருக்கிறார்கள். வெளியாகி 50 வருடம் தாண்டிய பிறகும் கம்பெனி போதிய பிரதிகளை விற்பனைக்கு வைக்கவில்லை என்றாலோ, இணையத்தில் கேட்கக் கொடுக்கவில்லை என்றாலோ, கலைஞர் எழுத்தில் அறிவிப்பு அனுப்பலாம். அனுப்பிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கம்பெனி இரண்டையும் செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் உரிமையைக் கொடுத்த ஒப்பந்தத்தை அவர் முடித்துக்கொள்ளலாம். 1973-ஆம் வருடத்துத் தட்டுகளுக்கு அந்தக் கதவு 2024-இல் திறந்துவிட்டது. கடைகளில் கிடைக்காத, இணையத்திலும் இல்லாத தட்டு என்றால், ஸ்டூடியோவுக்கு முன்பணம் கட்டும் முன் இந்தக் கடிதத்தை அனுப்பிப் பார்ப்பது நல்லது. தபால் செலவோடு போகும்.